பொறவு மேடம்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பணி ஓய்வு பெற்ற வாரத்தில் என் கடைக்கு வந்தவர், "என்னப் பத்தி எங்கயும் எழுதிராதீங்க அண்ணாச்சி. உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டுன்னு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரைப் போடாமல் எழுதினால் அவர் பேச்சை மீறியதாகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மருத்துவமனையின் பெயரும் தேவையில்லை. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனை, அதில் குழந்தைகள் பிரிவு, அதற்கு அவர் தலைவர். இவ்வளவு போதும்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பொறவு மேடம். 'பிறகு' என்பதை எங்கள் பக்கம் 'பொறவு' என்போம். படித்துப் பட்டம் வாங்கி வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பும் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் உதறுவது இந்த மாதிரிச் சொற்களைத்தான். அவர் உதறவில்லை. அவருடைய சொந்த ஊர் மணப்பாடு என்று ஒரு சாராரும் பெரியதாழை என்று இன்னொரு சாராரும் சொன்னார்கள். ஆதாரம் இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பதால் அதை அப்படியே விடுகிறேன். கடற்கரைக்காரர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பயந்தாலும் வியந்தாலும், கடற்கரைக் கிறிஸ்தவர்களைப் போல, "சேசுவே" என்பார்.

எனக்குத் துறைமுகச் சாலையில் கடை. கயிறு, வலை, மிதவை, நங்கூரம் விற்கிறேன். கப்பல் வந்த நாள், புயல் கூண்டு ஏற்றிய நாள், பழைய கட்டடம் இடிபட்ட நாள் என்று குறித்துவைப்பது பொழுதுபோக்கு. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நைலான் கயிறு கேட்டார்.

"படகுக்கா டாக்டரம்மா?"

"வார்டுக்கு. தாய்மாருக பிள்ளை துணிய ஜன்னல் கம்பியில காயப்போடுதாங்க. ரவுண்ட்ஸ் போனா ஈரத்துணி மூஞ்சியில அடிக்கி. பின்பக்கம் கொடி கட்டணும்."

கயிற்றை அளக்கும்போது வியாபாரம் எப்படி என்றார். மந்தம் என்றேன். "பொறவு?" என்றார். தடைக்காலம் முடிந்தால் பரவாயில்லை என்றேன். "பொறவு?" என்றார். கயிற்றைச் சுருட்டிக் கட்டி முடிப்பதற்குள், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இந்தக் கடையைத் தொடங்கியதுவரை சொல்லியிருந்தேன். அவர் போன பிறகுதான், அவர் கேட்டது ஒரே ஒரு சொல், நான் சொன்னது பாதி வாழ்க்கை என்பது உறைத்தது.

கொடி கட்ட நானே போனேன். அதுவரை ஒரு குழந்தைகள் வார்டை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் பச்சைக் குழந்தைகளுக்கான கண்ணாடி அறை. இன்னொரு பக்கம் தடுப்பூசிக்கு வந்த கூட்டம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கப் பழகும் மேசை ஒன்று. தாய்மார்கள் கலக்கி, குடித்துப் பார்த்து, முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாணவர்கள் கூட்டமாக நின்று பாடம் கேட்டார்கள். பாடம் எடுப்பவர் மட்டும் நிற்கவில்லை. கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு, பிள்ளையோடு இருந்த தாயை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தாய் கீழவைப்பார்க்காரி. வயிற்றுப்போக்கில் பிள்ளை வாடிய கீரைபோலக் கிடந்தது. மேற்படிப்பு மாணவர் ஒருவர் முந்திக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்களே, ஏன் முன்னாடியே வரல?" என்றார். அவள் தலை கவிழ்ந்தது.

"டாக்டர், பிளாஸ்க்" என்றார் அம்மையார்.

வார்டு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பிரிவில் தாயிடம் 'ஏன்' என்று யார் கேட்டாலும், அன்று வார்டில் இருக்கும் எல்லாப் பிளாஸ்க்குகளுக்கும் அவர்தான் வெந்நீர் பிடித்து வர வேண்டும் என்பது சட்டமாம். அடுத்த கட்டில்காரி, "நேத்து கண்ணாடி போட்டவரு, இன்னைக்கு இவுகளா? தம்பி, என் பிளாஸ்க்குல மூடி சரியில்ல, சூதானமாப் பிடிச்சிட்டு வாரும்" என்றாள். மாணவர் காது சிவக்கப் பிளாஸ்க்குகளைச் சேகரித்துக்கொண்டு போனார்.

"வயித்தால போச்சுது. பொறவு?" என்று தொடங்கினார் அம்மையார்.

"சீர் தட்டிட்டு, ஏதோ தோஷம்னு சொன்னாக டாக்டரம்மா."

"பொறவு?"

"தண்ணி குடுத்தா கூடப் போகும், குடுக்காதன்னு மாமி சொன்னாக."

"பொறவு?"

அவள் மாமியார் நிற்கிறாரா என்று வாசலைப் பார்த்தாள். "குடுக்கல. ஆனா நாக்கு வறண்டு அழுதான். பொறுக்காம, அவுக வெளிய போனப்ப ரெண்டு மூணு மடக்கு குடுத்தேன்."

அம்மையார் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இவ யாருக்கும் தெரியாம ஒளிச்சுச் செஞ்சாள்ல, அதுதான் வைத்தியம். பிள்ள இங்க வந்து சேந்தது அந்த ரெண்டு மடக்குல. நீங்க 'ஏன்'னு அதட்டியிருந்தா அதையும் மறைச்சிருப்பா." பிறகு அவளைக் கரைசல் மேசைக்குக் கூட்டிப்போய், "இனிமே ஒளிச்சுக் குடுக்க வேண்டாம். மாமி முன்னாலயே குடு. டாக்டரம்மா சொன்னாகன்னு சொல்லு" என்றார்.

கொடி கட்டிவிட்டு விடைபெறும்போது அதென்ன சட்டம் என்று கேட்டேன். "ஏன்னு கேட்டா நம்ம முன்னால குத்தவாளி நிப்பா அண்ணாச்சி. பொறவுன்னு கேட்டாத்தான் அம்மா நிப்பா" என்றார். நல்ல வாசகம் என்று குறித்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக் காரியத்தைக் குறித்துக்கொள்வது போலத்தான்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சமயத்தில் என் பையனைத் தூக்கிக்கொண்டு அதே வார்டுக்கு ஓடினேன்.

எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் அவன். அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது. என் மனைவி பள்ளி ஆசிரியை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் என் அக்கா. உடன்குடிப் பக்கம் வாக்கப்பட்டு, பிள்ளை இல்லாமல், அத்தானும் போன பிறகு எங்களோடு வந்துவிட்டவர். பையன் என் மனைவியை அம்மா என்றும் அக்காவை வெறும் "ம்மா" என்றும் கூப்பிடுவான். இரண்டுக்கும் வித்தியாசம் அவர்கள் இருவருக்கும் தெரியும்.

திடீரென்று பிள்ளைக்கு இருமல் பிடித்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், மூக்கில் மூடி பொருத்தி மருந்துப் புகை வைத்தார்கள். குறையும், மறுபடி வரும். மூச்சில் கீச்சுச் சத்தம். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார்கள். அக்காதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்று என்னை அரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிள்ளை சாப்பாட்டைத் தொடாமல், மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்வாங்கத் தொடங்கிய அன்று கிளம்பினோம்.

மேற்படிப்பு மாணவர் ஒருவர் விசாரித்தார். சாப்பிடும்போது பிள்ளைக்குப் புரை ஏறியதா, தொண்டையில் எதுவும் சிக்கியதா என்று கேட்டார். இல்லை என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்த உண்மை அது. பின்னால் நின்ற அக்கா, "அதெல்லாம் தொக்கம் எடுத்தாச்சு" என்றார், தன்னையறியாமல்.

தொக்கம் எடுப்பது தெற்கே இன்னமும் உண்டு. பிள்ளைக்குச் சாப்பிட்டது தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொண்டது என்று சந்தேகம் வந்தால், அதற்கென்று இருப்பவர்களிடம் தூக்கிப் போவார்கள். அவர்கள் குழலை வைத்து ஊதி, உறிஞ்சி, எதையாவது துப்பிக் காட்டுவார்கள்.

மாணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல டீச்சர் இருக்காங்க. நீங்க ஏம்மா இதுக்கெல்லாம் போனீங்க?"

என் மனைவி திரும்பினாள். "எப்ப போனீங்க மயினி? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நானும் என் பங்குக்கு, "ஏன்க்கா?" என்றேன்.

மூன்று பக்கமும் 'ஏன்'. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சும்மாத்தான். பிள்ளைக்குப் பசி எடுக்கலன்னு போனேன்" என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

அம்மையார் வந்தார். பிள்ளையைத் தொடுவதற்கு முன் மூச்சு விடுவதைச் சற்று நேரம் பார்த்தார். நெஞ்சின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் எந்தத் தேதியில் எந்த மருந்து கொடுத்தோம் என்று ஒப்பித்தேன். "தேதியெல்லாம் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. பொறவு?" என்றார். என்னிடம் பொறவு இல்லை. நான் பகலில் கடையில் இருப்பவன்.

அவர் ஸ்டூலை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பிள்ள பகல்ல உங்க கையிலதான இருப்பான்?"

"ஆமா."

"இருமல் வந்த அன்னைக்கும் உங்ககிட்டதான் இருந்தான். பொறவு?"

ஏதோ தட்டோடு வந்த செவிலியரை அம்மையார் கையால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவர் முகத்தில் அவசரம் என்பதே இல்லை. உள்ளுக்குள் எவ்வளவு அவசரம் இருந்திருக்கும் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

"கடல மிட்டாய் தின்னுட்டு இருந்தேன்" என்றார் அக்கா, தரையைப் பார்த்து.

"பொறவு?"

"என் வாயவே பாத்துட்டு நின்னான். ஒரு துண்டு குடுத்தேன்."

"பொறவு?"

"இருமுனான். முகம் நீலமாப் போச்சு. கண்ணு மேல சொருகிட்டு. முதுகுல தட்டுனேன். கொஞ்சத்துல அழுதுட்டான். அழுதா மூச்சு வந்துட்டுன்னு அர்த்தம்லா. ஆனாலும் மனசு கேக்கல. ஆட்டோ பிடிச்சு தொக்கம் எடுக்கவகிட்டத் தூக்கிட்டு ஓடுனேன்."

"பொறவு?"

"அவ ஊதி எடுத்து உள்ளங்கையில துப்பிக் காட்டுனா. கடலைத் துண்டு. என் கண்ணால பாத்தேன் டாக்டரம்மா. அதான் வந்துட்டுல்லா? வெளிய வந்துட்ட பொறவு அத எதுக்குச் சொல்லணும்?"

என் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அம்மையார் அக்காவின் முழங்கையைத் தொட்டு, "இவ்வளவுதான் அக்கா எனக்கு வேணும்" என்றார். எழுந்தார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு ஓர் ஆள், மயக்க மருந்து டாக்டருக்கு ஒரு போன். வலது நுரையீரல் பக்கம் காற்று போய் வருவது சரியில்லை என்ற சந்தேகம் அவருக்கு முதலிலேயே இருந்திருக்கிறது. ஆனால் கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. நெஞ்சு இப்படி இளைக்கும் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவியை விடுவது விளையாட்டல்ல. "உங்க அக்கா சொன்னதால இன்னைக்கே செய்யுதோம். இல்லன்னா நாளைக்கு, நாளான்னைக்குன்னு மருந்து குடுத்துப் பாத்துட்டு இருந்திருப்போம்" என்றார் என்னிடம். அந்த நாளைக்கு என் பிள்ளை இருந்திருப்பானா என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கிடந்த பெஞ்சின் ஒரு கோடியில் என் மனைவி, மறு கோடியில் அக்கா. நடுவில் நான். பிற்பகலில் கதவு திறந்து அம்மையார் வந்தார். சின்னக் குப்பியில் ஒன்றைக் காட்டினார். ஊறி உப்பிய அரைக் கடலை.

"பிள்ள நல்லாருக்கான். இனி மூச்சு விட்டுக்குவான்."

அக்கா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவ காட்டுனது?"

"அது அவங்க வாயிலயே வச்சிருந்தது அக்கா."

பையன் இப்போது பள்ளியின் ஓட்டப்பந்தய அணியில் இருக்கிறான். அவன் ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் அந்த ஸ்டூலை நினைத்துக்கொள்கிறேன். நன்றி என்ற சொல்லை அவரிடம் சொன்னேனா என்று தெரியவில்லை. பிற்பாடு வார்டுக்கு எப்போது கயிறு தேவைப்பட்டாலும் நானே கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தேன். அதை அவர் புரிந்துகொண்டார் என்று நம்புகிறேன்.

அவரோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை. தொக்கம் எடுத்தவளைப் போலீசில் சொல்ல வேண்டும் என்று நான் குதித்தேன். அவர் இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். முற்றத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை வந்தது, பொறவு, பொறவு என்று கேட்டாராம். அன்று முதல், புரையேறி இருமிக்கொண்டு வரும் பிள்ளையை அவள் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறாளாம். "அவ அனுப்புன பிள்ளைக எங்ககிட்ட வந்திருக்கு அண்ணாச்சி. நீங்க ஜெயில்ல போட்டிருந்தா இன்னொருத்தி குழலத் தூக்கியிருப்பா" என்றார். இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அவள் இன்னமும் தொக்கம் எடுக்கிறாள். இதில் எனக்கு இன்றுவரை சமாதானம் இல்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்தோம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என் மனைவி பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டாள். பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள், கூட்டினாள், பூஜை அறைக்கும் போனாள். அக்கா கையை நீட்டினால், "இப்பத்தான் பால் குடிச்சான் மயினி", "தூக்கம் வருது மயினி" என்று ஏதாவது ஒரு பதில். பையன் "ம்மா, ம்மா" என்று அக்காவின் பக்கம் எம்புவான். அக்கா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். ஒருநாள் என்னிடம், "ஏலே, பொங்கல் முடிஞ்சதும் நான் உடன்குடிக்கே போயிருதேன். அங்கன பூட்டுன வீடு சும்மாத்தான கெடக்கு" என்றார். போகாதே என்று சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொள் என்று சொல்ல அதிகாரம் இல்லை.

பிள்ளையைத் திரும்பக் காட்ட மூவரும் போன அன்று, வார்டில் புதிதாகப் பயிற்சி டாக்டர்கள் சேர்ந்திருந்தார்கள். அம்மையார் பிள்ளையின் நெஞ்சைக் கேட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். பிறகு என் மனைவியின் இடுப்பையும் அக்காவின் வெறுங்கையையும் ஒருமுறை பார்த்தார்.

"அக்கா, ஒரு ஒத்தாச. புது ஆளுக வந்திருக்காங்க, கேள்வி கேக்கப் பழகணும். நீங்க பிள்ளையக் கொண்டுவந்த ஆளா உக்காரணும். சரியாக் கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. இல்லன்னா வாயத் தொறக்கக் கூடாது."

"எனக்கு அதெல்லாம் வராது டாக்டரம்மா."

"வாயத் தொறக்காம இருக்கதா? அது உங்களுக்கு நல்லாவே வருமே."

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அக்காவைக் கட்டிலருகே உட்காரவைத்தார்கள். பயிற்சி டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். நாங்கள் பிள்ளையோடு பின்னால், சுவரோரம். முதலில் வந்த பையன், "ஏம்மா லேட்டா வந்தீங்க?" என்றான். "பஸ் கெடைக்கல தம்பி" என்று உதட்டை இறுக்கிக்கொண்டார் அக்கா. அடுத்தவர் காய்ச்சல் இருக்கா, வாந்தி இருக்கா, சளி இருக்கா என்று மூச்சு விடாமல் அடுக்கினார். "இருக்கு, இல்ல, இருக்கு. அடுத்தது?" என்றார் அக்கா. மூன்றாமவர், "உண்மையச் சொல்லுங்கம்மா" என்றார்.

"அப்ப இவ்வளவு நேரம் பொய்யா சொன்னேன்? நீரு டாக்டரா, போலீஸா?"

தாய்மார்கள் கட்டிலுக்குக் கட்டில் சிரித்தார்கள். அம்மையார் பிளாஸ்க்குகளைக் காட்டினார், மூவரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவதாக ஒரு பெண். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "பிள்ளையப் பகல்ல நீங்கதான் பாப்பீங்களா சின்னம்மா?" என்றாள். அக்கா தலையசைத்தார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? மெல்லச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா சொல்லத் தொடங்கினார். மிட்டாய், நீலமான முகம், ஆட்டோ. எங்களுக்குத் தெரிந்த கதை. பிறகு தெரியாதது வந்தது.

"தொக்கம் எடுத்துட்டு வந்த பொறவும் எனக்குச் சந்தேகந்தான். அவன் தூங்கும்போதெல்லாம் நெஞ்சுல கைய வச்சுப் பாத்துட்டே இருப்பேன். உள்ள கீச்சு கீச்சுன்னு கேக்கும். எந்தம்பியப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, போன்னு வெரட்டுனேன். காரணத்த மட்டும் சொல்லல. சொன்னா அவ பிள்ளையத் தூக்க விடமாட்டாளேன்னு. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

அவர் என் மனைவி பக்கம் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் தயங்கி, மெல்ல, "பொறவு?" என்றாள்.

"பொறவு என்ன. இப்பத் தூக்குறதில்ல."

என் பக்கத்தில் சேலை சரசரத்தது. என் மனைவி பயிற்சி டாக்டர்களை விலக்கிக்கொண்டு நடந்து போனாள்.

"மயினி, இவனக் கொஞ்சம் பிடிங்க. நான் போய் மருந்து வாங்கிட்டு வாரேன்."

அக்கா உடனே கையை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேலையில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைகளை மறுபடி துடைத்தார். அதற்குள் பையனே தாவிவிட்டான்.

என் மனைவி திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். மருந்து வாங்கும் இடத்தில் நீண்ட வரிசை. அதன் கடைசியில் நின்றாள். சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, "சீட்டு உங்கிட்டயா இருக்கு?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா சீட்டே எழுதலையே. இனி மருந்து வேண்டாம்னுட்டாங்க" என்றாள். வரிசை ஓரடி நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். "கொஞ்ச நேரம் இங்கனயே நிப்போம்."